முதல் லாரியின் அடி தேடியவர்

அந்த மோட்டார் கம்பெனியின் உதிரிபாகக் கவுன்ட்டரில் நெடுங்காலமாக நிற்பவரை எல்லாரும் போல்ட்டக்கா என்றே அழைத்தனர். கூட்டம் ஓய்ந்த வேளையில் விலைச்சீட்டின் பின்புறத்தில் எதையாவது எழுதிக்கொண்டிருப்பார். எழுதியது எதுவும் அச்சேறியதில்லை. ஆகவே, கம்பெனியின் எழுபத்தைந்தாம் ஆண்டுக்கு வாசலில் கல்வெட்டு வைக்கப் போவதாகவும், நிறுவனர் வரலாற்றை ஆராய்ந்து அவரே வாசகம் எழுத வேண்டும் என்றும் முதலாளி சொன்னபோது, அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. தம் சொல், கல்லில்!

ஆனால் முதலாளி ஒரு கொக்கி போட்டிருந்தார்.

"எங்க தாத்தா தனி ஆளா ஆரம்பிச்சார். அதை ஆதாரத்தோட எழுதுங்கக்கா. முடியலன்னா சொல்லிடுங்க, விளம்பரக்காரங்ககிட்ட கொடுத்துக்கறேன்."

தனி ஆள் என்பதில்தான் சிக்கல். தெருவின் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு மோட்டார் கம்பெனி இருந்தது. முன்பு இரண்டும் ஒன்று. பேரன்மார் காலத்தில் பாகம் பிரிந்து பேச்சும் நின்றுவிட்டது. எங்கள் தாத்தாவே நிறுவனர், மற்றவர் அவரிடம் கூலிக்கு நின்றவர் என்று இரு வீட்டாரும் சாதித்தனர். இருவருக்கும் சாட்சி ஒன்றே: இந்தக் கம்பெனி ஷோரூமின் நடுவில் மெருகேற்றி நிறுத்தியிருந்த முதல் லாரி. பின்புறம் தீயில் கருகிய லாரியைத் தாத்தா வாங்கிச் சீர்செய்தார் என்பது இவ்வீட்டுக் கதை. பாலத்தில் மோதி முகப்பு நொறுங்கிய லாரியை எங்கள் தாத்தா வாங்கினார் என்பது அவ்வீட்டுக் கதை.

அக்கா பழைய வாடிக்கையாளர் வீடுகளுக்கும் ஓட்டுநர் வீடுகளுக்கும் அலைந்தார். பாதிப்பேர் கருகியது என்றனர். பாதிப்பேர் நொறுங்கியது என்றனர்.

"ஊரார் தாத்தாவையெல்லாம் தேடற. வீட்ல ஒரு தாத்தா பசியோட உட்கார்ந்திருக்கேன், கண்ணுக்குத் தெரியுதா?" என்றார் கணவர்.

"உங்களைப் பத்திக் கல்வெட்டு கேட்டா அப்ப பார்க்கறேன். அடுப்புமேல இருக்கு, போட்டுக்கோங்க."

கல் வெட்டுபவர் வரவிருந்த நாளுக்கு முந்தின நாள் காலை. அக்காவின் தாள் இன்னும் வெறுமையாகவே இருந்தது. விழாவுக்காக லாரியின் துருவேறிய நட்டுகளை மாற்றும் வேலை நடந்தது. முன்சக்கரத்தில் ஒன்றைக் கழற்றி அளவு பார்த்து, எல்லாச் சக்கரத்துக்கும் புது நட்டுகளை அக்காவே வரவழைத்திருந்தார். பின்சக்கரத்தருகே குந்தியிருந்த மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தான்.

"போல்ட்டக்காவுக்கே அளவு தப்பிடுச்சு! இங்க ஒண்ணுகூட ஏறலக்கா. கல்லைத் தொட்டதும் இரும்பு மறந்துபோச்சா?"

"போடா! ஒரே வண்டிக்கு முன்னாடி ஒரு அளவு, பின்னாடி ஒரு அளவுன்னு எவனாவது..."

சொல்லி முடிக்கவில்லை. ஒரே வண்டி என்று யார் சொன்னார்?

அவன் கையிலிருந்த விளக்கைப் பிடுங்கிக்கொண்டு லாரியின் கீழே புகுந்தார். மறுகணம் ஒரு கூச்சல்.

"என்னக்கா, பாம்பா?"

"பாம்பில்லடா! ரெண்டு தாத்தாவும் இங்கதான் இருக்காங்க! முதலாளியைக் கூப்பிடு!"

வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் நடுவில் அறுக்கப்பட்டிருந்தது. முன்பாதிச் சட்டம் அகலம். பின்பாதிச் சட்டம் ஒடுக்கம். கனத்த தகடுகளை வைத்து, வரிசை வரிசையாக ரிவெட் ஆணி அடித்து இரண்டையும் பிணைத்திருந்தார்கள். கருகிய லாரியின் முகமும் நொறுங்கிய லாரியின் முதுகும் ஓருடலாய் நின்றன. இரு கதையும் மெய்! அடி தேடி ஊரெல்லாம் அலைந்தவருக்கு, அடி இங்கேயே காட்சி தந்துவிட்டது.

முதலாளி வெள்ளைச் சட்டையோடு தவழ்ந்து வந்தார்.

"அந்த வீட்டுத் தாத்தா கூலிக்கு வந்து எங்க தாத்தாவுக்கு ஒத்தாசை பண்ணியிருக்கலாம்ல?"

"பாதி லாரியைக் கையோட தூக்கிட்டு வந்த கூலிக்காரர் எங்கயாவது உண்டா சார்? அவர் நொறுங்கின வண்டி வாங்கினதை உங்க தாத்தாவோட டிரைவர் வீட்லயே சொல்றாங்க. இதைப் பாருங்க. ரிவெட்டுன்னா ஒருத்தர் சுத்தியலால அடிக்கணும், ஒருத்தர் அந்தப் பக்கம் முட்டுக் கொடுக்கணும். தனி ஆளா அடிக்கவே முடியாது." அக்கா விளக்கை ரிவெட் வரிசைமேல் பிடித்தார். "நான் எழுதினா ரெண்டு பேரையும் எழுதுவேன். வேண்டாம்னா விளம்பரக்காரங்களையே கூப்பிடுங்க."

முதலாளி ஒரு ரிவெட்டின் தலையைக் கட்டைவிரலால் தடவினார், அடுத்ததையும் தடவினார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சட்டையெல்லாம் கிரீஸ் அப்பிக்கொள்ள வெளியே உருண்டு, நேரே வாசலுக்கு ஓடினார்.

"அண்ணே!" என்று தெருவுக்குக் குறுக்கே கத்தினார். "ஒரு நிமிஷம் வாங்க! வந்து படுங்க!"

எதிர்க் கம்பெனி முதலாளி திகைத்தார். "பேசி எத்தனை வருஷமாச்சு, எடுத்த எடுப்புல படுக்கச் சொல்றியே! மூளை கலங்கிடுச்சா?"

"அட, வாங்கண்ணே! உங்க தாத்தாவைக் காட்டறேன்!"

வந்தார், படுத்தார். "அட!" என்ற ஒற்றைச் சொல் வந்தது. இருவர் கால்களும் லாரிக்கு வெளியே சேர்ந்து நீட்டியிருந்தன. உடனே சச்சரவு மூண்டது.

"எஞ்சின் இருக்கறது முன்னாடிதான்ணே. எங்க தாத்தா பேர்தான் முதல்ல."

"பின்னாடி இல்லேன்னா சரக்கை உங்க தாத்தா தலையிலயா ஏத்தியிருப்பார்?"

அக்கா அதற்குள் கவுன்ட்டருக்கு ஓடிப்போய் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். மூச்சிரைக்கத் தரையில் அமர்ந்து உரக்கப் படித்தார்:

"இவ்வண்டியின் முன்பாதி ஒருவர் தந்தது, பின்பாதி மற்றவர் தந்தது. இரண்டையும் பிணைத்த ஒவ்வோர் ஆணிக்கும் இருவர் கையும் வேண்டியிருந்தது."

லாரியின் கீழே சச்சரவு அடங்கிற்று. மெக்கானிக்கும் ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"அக்கா," என்றது ஒரு குரல். அது எவருடையது என்று அவருக்குப் புலப்படவில்லை. "இன்னொரு தடவை படிங்க."