ஒரு வரிக்கு இடமில்லாத நோட்டீஸ்

போன வாரம் திண்டிவனத்தில் ஒரு ஆபீசரோடு சண்டை போட்டேன். சாதுவான ஆள் என்று என்னை நினைத்திருப்பீர்கள்... மன்னியுங்கள்.

என் பெரியப்பா மகள் கன்னியம்மா அக்கா தனியாளாக மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் செய்கிறவர். இந்தப் போகம் மகசூல் படுத்துவிட்டது. “கொடுத்த உரத்தை வீணாக்கிட்டீங்க” என்று சொல்லி, விவசாய ஆபீசர் அக்கா பேரை உர லிஸ்டிலிருந்து அடித்துவிட்டார். கேட்கப் போனோம்.

அக்கா வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்த இரண்டு செடிகளை மேஜை மேல் போட்டார். ஒன்றில் நாலைந்து காய். இன்னொன்றில் கொத்துக் கொத்தாக!

“உரத்தோட குடுத்த நோட்டீஸ்ல போட்டாப்பல சூப்பர் பாஸ்பேட்ட மேலால தூவிக்கினு வந்தேன் சார். கடைசி ரெண்டு ஏர்ச்சால்ல காத்து தூக்கிக்கினு போச்சு. அங்க மட்டும் சால்லயே போட்டு, மண்ணப் போட்டு மூடி, அதும்மேல வெத போட்டேன். காச்சது அதுதான்.”

“தண்ணியில கரையிற உரம்மா. மேல போட்டா தானா எறங்கும்” என்றார் ஆபீசர்.

இறங்குமா? சூப்பர் பாஸ்பேட்டில் இருக்கும் மணிச்சத்து தண்ணீரில் கரையும் — வாஸ்தவம். ஆனால் மண்ணைத் தொட்டதும் எங்கள் பக்கத்துச் செம்மண்ணில் இருக்கும் இரும்பு அதைப் பிடித்துக்கொள்கிறது. விழுந்த இடத்தை விட்டு அதிகம் நகராது. வேர்தான் தேடி வரவேண்டும். மேலே காய்ந்து கிடக்கும் மண்ணுக்கு எந்த வேர் வரும்?

இதை நான் கண்டுபிடிக்கவில்லை ஐயா. அவர் மேஜையிலிருந்த இங்கிலீஷ் புத்தகத்திலேயே இருந்தது! விதைக்குக் கீழே, வேர் எட்டும் இடத்தில் போடு என்று. பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

“இந்த வரிய ஏன் சார் தமிழ்ல போடல?”

“நோட்டீஸ்ல இடம் பத்தல.”

அக்கா முகம் சிவந்துவிட்டது. “உங்களுக்கு இடம் பத்தல. எனக்கு ஒரு வருசம் போச்சு. கெட்ட பேரும் எனக்கா?”

ஆபீசர் லிஸ்டை எடுத்து அக்கா பேரை மறுபடி எழுதினார். மீதி நோட்டீஸ் கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அந்த வரியைப் பேனாவால் சேர்க்க ஆரம்பித்தார்.

“படிக்கத் தெரியாதவங்களுக்கு வாயாலயும் சொல்லிடுங்க சார்” என்றார் அக்கா. கோபம் இன்னும் தணியவில்லை.

எனக்கும்தான். வெளியே வந்து ஒரு நோட்டீசை முழுசாகப் படித்தேன். உரக் கிடங்கு திறப்பு விழாவுக்கு வந்து சிறப்பித்த பெரிய மனிதர்களின் பெயர்கள் மட்டும் பதினோரு வரி!