துடைத்தெறிந்த பனி

நியூ ஜெர்சியில், காலை எட்டு மணிக்கே ஓர் இருட்டறைக்குள் நுழைந்து, பாஷை புரியாத ஜப்பானியப் பெண் அழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைச் சுத்தம் செய்து வீட்டில் பார்க்கும் டிஸ்க்காக வெளியிடும் நிறுவனம் அது. கீறலையும் தூசியையும் கணினியில் ஒவ்வொரு பிரேமாக அழிப்பேன். எங்கள் ஊர் கம்பத்தில் அத்தா கல்யாண வீடியோ எடுத்தவர். மாப்பிள்ளை முகத்தில் ஒரு கோடு விழுந்தாலும் பெண் வீட்டார் சண்டைக்கு வந்துவிடுவார்கள். அந்தப் பயத்தில் வளர்ந்தவன், ஒரு புள்ளியையும் விடமாட்டேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, சப்டைட்டில் சரிபார்க்கும் மிசாகோ அம்மா நான் முடித்த படத்தைப் பார்க்க வந்தார். கணவனின் பிணத்துக்காக மனைவி வாசலில் காத்து நிற்கும் காட்சியில் நிறுத்தி, “யுகி எங்கே?” என்றார்.

யாரோ நடிகை என்று நினைத்து, “அவர் இந்த சீனில் இல்லையே” என்றேன்.

அவர் விரல்களை மேலிருந்து கீழே தூவிக் காட்டினார். யுகி என்றால் பனியாம். தூசியென்று நினைத்து, அந்தக் காட்சி முழுக்கப் பெய்த பனியைத் துடைத்து எறிந்திருக்கிறேன். திரையில் அந்தப் பெண் காரணமில்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

மாலையே டிஸ்க் அச்சுக்குப் போகிறது. வேலை போனால் விசா போகும், அறுபது நாளில் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். மிசாகோவைக் கெஞ்சினால் பேசாமல் இருந்துவிடுவார் என்றுகூடத் தோன்றியது. ஆனால் அவர் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய் மேனேஜர் டேவைப் பார்த்துச் சொன்னேன். அவன் முகத்தைத் தேய்த்துக்கொண்டு, “கோ ஹோம், ரஃபி” என்றான்.

கார் பார்க்கிங்கிலிருந்து மனைவி நஸ்ரினை அழைத்தேன்.

“வீட்டுக்குப் போன்னு சொல்லிட்டான்மா.”

“எந்த வீட்டுக்கு?”

காரைக் கிளப்பினேன்.

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வீடு வந்து சேர்ந்தபோது ஹாலில் பெரிய பெட்டி திறந்து கிடந்தது. பாதிக்கு மேல் மகளின் உடுப்புகள். அப்போதுதான் டேவின் மெசேஜ் வந்தது: ‘அச்சை நிறுத்திவிட்டேன். ஒரிஜினல் ஸ்கேன் பத்திரமாக இருக்கிறது. நன்றாகத் தூங்கு. திங்கட்கிழமை வந்து பனியைத் திரும்பக் கொண்டு வா.’

“இந்த வீட்டுக்குத்தாங்க போகச் சொல்லியிருக்காரு!” சிரிக்க ஆரம்பித்த நஸ்ரின், அழுது முடித்தாள்.

பனியைத் திரும்பக் கொண்டுவர நாலு நாளாயிற்று. மிசாகோ பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பெட்டியைத்தான் இன்னும் காலி செய்யவில்லை.

“அத்தா, ஆர் வி கோயிங் சம்வேர்?” என்று கேட்டாள் மகள்.

“இல்லடா” என்றேன். இப்போது அவள் கேட்பதில்லை. காலையில் தன் உடுப்பை அந்தப் பெட்டியிலிருந்தே எடுத்து உடுத்திக்கொண்டு ஸ்கூலுக்குப் போகிறாள். துவைத்தவற்றை நஸ்ரின் மடித்து அதிலேயே வைக்கிறாள்.