புடவைக்குத்தான் வரி, சித்திக்கு இல்லை

அமெரிக்காவின் ஃப்ரீமான்ட், மௌரி அவென்யூ. மளிகைக் கடையின் காபி மேஜையில் நானும் விமலா ஆன்ட்டியும் இருக்கிறோம். அயர்லாந்தின் டப்ளினில் வளைகாப்புக்குக் காத்திருக்கும் அவர் மகளும், லண்டனில் இருக்கும் அவர் தங்கை கலாவும் இங்கே இல்லை. கிரீன் கார்டு இன்னும் வராததால் ஆன்ட்டியால் விழாவுக்குப் போக முடியாது. கலாவோ டிக்கெட் செலவைச் சொல்லி, புடவையை மட்டும் பார்சலில் அனுப்பப் பார்க்கிறார்.

ஃபோன் ஸ்பீக்கரில் கலாவின் குரல் கொதிக்கிறது. "அக்கா, வரி மட்டும் நூத்தியிருபது பவுண்டாம்! முன்னாடியெல்லாம் சும்மா அனுப்புவேன்."

"பிரிட்டன் ஐரோப்பிய யூனியன விட்டு வெளிய வந்துருச்சுல்ல ஆன்ட்டி," என்கிறேன். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். விதிமுறை என்றால் கடைசி வரி வரை படித்துவிடுவேன். "ஆனா நானூத்தி முப்பது யூரோவுக்குள்ள இருக்குற இந்தப் புடவைய யாராவது கையில கொண்டுபோனா வரி கிடையாது."

விமலா ஆன்ட்டி நிமிர்ந்து உட்காருகிறார். "கேட்டியாடி கலா? டிக்கெட் செக் பண்ணு."

ஸ்பீக்கரில் கீபோர்டு தட்டும் சத்தம். "போக வர நாப்பத்தஞ்சு பவுண்டுதான்க்கா..."

"அப்போ நீ புடவைய அனுப்ப வேணாம், புடவை உன்ன கூட்டிட்டுப் போகட்டும்! புள்ளைக்கு வளையல் போட நம்ம வீட்டு ஆள் ஒருத்தி வேணாமா?"

கலா சிரித்துவிடுகிறார். "சரிக்கா, புக் பண்றேன்."

பெட்டிக் கட்டணம் இருபது சேர்த்து, மொத்தம் அறுபத்தைந்து பவுண்டு.