பன்னிரண்டு டயர்

கழற்றிய பைக் டயரை மடியில் கிடத்தி உள்ளங்கையால் தடவியபடியே வண்டிக்காரரின் குணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள் முத்துமாரி. "எடது பக்கமே தேஞ்சிருக்கு. ஸ்பீட் பிரேக்கரக் கண்டா ஓரமா ஒடிச்சு நழுவுறீக. வீட்லயும் இப்பிடித்தானா?" வண்டிக்காரர், பின்னால் நின்ற மனைவியைப் பார்க்காமல் செல்போனைப் பார்த்தார். கோட்டையூர் சாலையில் இருபது வருடமாகப் பஞ்சர் கடை வைத்திருப்பவளிடம் பேசி ஜெயித்தவர் யாரும் இல்லை.

ஊருக்கு டிராம் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியபோது அவளுக்கு ஒரே சந்தோஷம். தண்டவாளம் கிடையாதாம், ரப்பர் டயராம், சாலையில் போட்ட வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டே மூன்று பெட்டி ஓடுமாம். "பெட்டிக்கு நாலு வச்சாலும் பன்னெண்டு டயரு" என்றாள் ஷேர் ஆட்டோ ஈஸ்வரனிடம். அவன் முகம் வாடியிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் சரவணகுமார் திரையில் வரைபடம் காட்டினார். டிராம் போகும் சிவப்புக் கோடு நேராக முத்துமாரியின் கடைமேல் ஏறிப் போனது.

"பன்னெண்டு டயரும் ஒங்க கடை மேலதான் போகுதுக்கா" என்றான் ஈஸ்வரன்.

கண்டனூர் வள்ளியப்பன் எழுந்து, வீட்டுக் கல்யாணத்துக்கு டிராம் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். அடுத்து முத்துமாரி எழுந்தாள். கடையைப் பற்றிக் கேட்கத்தான் நினைத்தாள். வாயில் வந்தது வேறு.

"டிராமு அந்த வெள்ளக் கோட்ட விட்டு அங்குட்டு இங்குட்டு நகராதா?"

"ஒரு அங்குலம்கூட நகராதும்மா" என்றார் சரவணகுமார் பெருமையாக.

"அப்ப எல்லாச் சக்கரமும் தெனமும் ஒரே எடத்துலதான மிதிக்கும்? ரோடு குழிஞ்சிராதா? எங்கடைக்கு முன்னால பஸ்சு பிரேக் போடுற எடத்தப் பாத்தீகளா? மழை பேஞ்சா வாத்து நீந்துது."

மண்டபமே சிரித்தது. சரவணகுமார் சிரிக்கவில்லை; நோட்டைத் திறந்தார்.

மறுநாள் காலையிலேயே காரில் அவள் கடைக்கு வந்துவிட்டார். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு பள்ளத்தில் டேப்பை இறக்கி இரண்டு முறை அளந்தார். "இந்த ரோடு தாங்காதும்மா. வேற வழியா விடச் சொல்லி எழுதுறேன். முடிவு என் கையில இல்ல..."

அவர் முடிப்பதற்குள், அவருடைய கார் டயரைக் குதிகாலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, காற்றுக் குழாயை இழுத்துக்கொண்டு வந்தாள் முத்துமாரி.