பத்து நாள் அவகாசமும் ஒரு சந்தனப் பொட்டும்

டெக்சாஸில் கேட்டி என்ற ஊருக்கு நாங்கள் குடிவந்த முதல் வாரம் மகள் கயலுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கப் போனோம். கடை நம் ஊர்ப் பேருந்து நிலையம் அளவுக்கு இருந்தது. ஷூ வரிசையைக் கடந்தால் கூடாரம், கூடாரத்தைக் கடந்தால் தூண்டில், தூண்டிலைக் கடந்து திரும்பினால் சுவர் முழுக்கத் துப்பாக்கி. ஒருவர் தன் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிமேல் உட்கார வைத்துவிட்டு, நாம் பிஸ்கட் பாக்கெட்டில் காலாவதித் தேதி பார்ப்பதைப் போலத் தோட்டா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார். என் கணவர் சங்கரன், "வா மீனா, போயிருவோம்" என்று கையைப் பிடித்து இழுத்தார். எனக்குக் கால் நகரவில்லை. பயத்தினால் அல்ல. நடுவரிசையில் ஒரு பாயிண்ட் டூ டூ ரைஃபிள் தொங்கிக்கொண்டிருந்தது. கல்லூரி நாட்களுக்குப் பிறகு அதை அவ்வளவு பக்கத்தில் அன்றுதான் பார்த்தேன்.

பாளையங்கோட்டையில் கல்லூரி படித்தபோது நான் என்.சி.சி.யில் இருந்தேன். மற்றவர்கள் அணிவகுப்புக்கும் முகாமில் கிடைக்கும் பூரிக்கும் சேர்ந்தார்கள். நான் சுடுவதற்காகவே சேர்ந்தேன். தரையில் குப்புறப் படுத்து, ரைஃபிளின் மரக்கட்டையில் கன்னத்தைப் பதித்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினால் உலகமே ஒரு கறுப்பு வட்டமாகச் சுருங்கிப்போகும். நான் சுட்ட ஐந்து தோட்டாவும் ஓர் எட்டணாவுக்குள் அடங்கும். மாநில அளவில் தங்கம் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த ரைஃபிள் என்றைக்கும் என்னுடையதாக இருந்ததில்லை. அது சர்க்கார் சொத்து, பூட்டிய அறையில் இருக்கும். சுட்டு முடித்த பிறகு காலித் தோட்டாவை எண்ணித் திருப்பித் தரவேண்டும். ஒருமுறை ஒன்று குறைந்ததால் முப்பது பெண்கள் உச்சி வெயிலில் புல்லைத் தடவிக்கொண்டிருந்தோம். பட்டம் வாங்கினேன், கல்யாணம் ஆனது, அத்தோடு அந்தக் கறுப்பு வட்டமும் போனது. நம் நாட்டில் தனியாள் ஒருவர் துப்பாக்கி வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் கலெக்டர் அலுவலகத்துக்கு நடந்தே செருப்புத் தேய்ந்துவிடும். அப்படியே உரிமம் கிடைத்தாலும் தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு நிற்க வேண்டும். சைவப் பிள்ளைமார் வீட்டு மருமகள் போய் அதைக் கேட்கவா முடியும்?

அந்தக் கடையில் மறுநாள் தனியாகப் போய் நின்றேன். டெக்சாஸில் ரைஃபிள் வாங்கத் தனி உரிமம் கிடையாது, காத்திருக்கும் காலமும் கிடையாது. மத்திய அரசின் படிவத்தை நிரப்பினால், கடைக்காரர் சோதித்துச் சரியென்று வந்ததும் எடுத்துக் கொடுத்துவிடுவார். அந்தப் படிவத்தில்தான் எனக்கு ஆப்பு இருந்தது. விசாவில் வந்தவரா என்று ஒரு கேள்வி. நான் கணவரின் வேலை விசாவைப் பிடித்துக்கொண்டு வந்தவள். கடைக்காரர் மரியாதையாகப் படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மாநிலமே துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறது, எனக்கு மட்டும் தொடக்கூட அனுமதியில்லை. கடலோரம் குடியிருந்தும் உப்பில்லாமல் சாப்பிட்ட கதை.

பக்கத்து வீட்டு டேல் இதைக் கேட்டுவிட்டு வழி சொன்னார். விசாக்காரர்களுக்குச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறதாம், வேட்டை உரிமம் எடுத்துவிட்டால் வாங்கலாமாம். அதை எடுப்பது மிகச் சுலபமாம். இங்கே காட்டுப்பன்றித் தொல்லை அதிகம் என்று உற்சாகமாகச் சொன்னார்.

"நாங்கள் மாமிசம் சாப்பிட மாட்டோம்" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதனாலென்ன மேடம், சுட்டதைச் சாப்பிட வேண்டும் என்று கட்டாயம் இல்லையே" என்றார்.

அந்த மனிதர் உதவத்தான் நினைத்தார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. வாழ்நாளில் கறிவேப்பிலையைத் தவிர எதையும் உருவி அறியாத நான், வேட்டைக்காரி என்று கையெழுத்துப் போடுவதா? எனக்குக் காகிதத்தைச் சுடத் தெரியும், உயிரைச் சுடத் தெரியாது. அப்படிப் பொய் சொல்லி வாங்கினால் அந்தக் கறுப்பு வட்டம் என்னைப் பார்த்துச் சிரிக்கும் என்று தோன்றியது. வேண்டாமென்று விட்டுவிட்டேன். நாங்கள் அங்கே இருந்த காலத்தில் கைத்துப்பாக்கியோடு வெளியே நடக்க உரிமம் வேண்டும். நாங்கள் கிளம்பி வந்தபின் அதுவும் தளர்ந்து, தகுதியுள்ள பெரியவர்களுக்கு உரிமமே வேண்டாம் என்றாகிவிட்டது. டேல் அதைத் தீபாவளி வாழ்த்துச் சொல்வது போலத் தொலைபேசியில் சொன்னார்.

அடுத்து சங்கரனுக்கு வேலை கலிபோர்னியாவின் பே ஏரியாவில். அங்கே பிளசன்டன் என்ற ஊரில் இருக்கும்போது கிரீன் கார்டு வந்தது. மற்றவர்கள் வீடு பார்ப்பார்கள், ஊருக்கு டிக்கெட் எடுப்பார்கள். நான் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். அந்த மாநிலம் வேறு உலகம். முதலில் பாதுகாப்புப் பற்றி எழுத்துத் தேர்வு வைத்தார்கள். நம்மிடமா தேர்வு? கேள்வித்தாளைக் கையில் வாங்கியதும் பழைய படிப்பாளிக் கொழுப்பு தலைக்கேறி, ஒன்று விடாமல் சரியாக எழுதினேன். ஆனால் பணம் கட்டியதும் ரைஃபிளைத் தரவில்லை. பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். பின்னாளில் அங்கே தோட்டா வாங்கவும் சோதனை வந்து, அந்தச் சட்டம் நீதிமன்றப் படி ஏறி இறங்கிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. எதற்கு இந்தப் பத்து நாள் என்று கேட்டேன். கோபத்தில் வாங்க வருகிறவர்களுக்கு அது ஆறட்டும் என்றுதான் என்றார் கடைக்காரர். எனக்குக் கோபமே இல்லை, ஆனந்தம்தான் என்றேன். "அதுவும் ஆறும் மேடம்" என்றார். வேடிக்கை செய்கிறார் என்று நினைத்தேன்.

கயலுக்கு அப்போது பத்து வயது. இரவு உணவில் நான்தான் வாய் கொள்ளாச் சிரிப்புடன் சேதியைச் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அந்த வாரம்தான் பள்ளியில் ஒத்திகை நடந்திருக்கிறது. துப்பாக்கியோடு யாராவது நுழைந்துவிட்டால் என்ன செய்வதென்று விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, இருபது பிள்ளைகளைச் சுவரோரம் சத்தமில்லாமல் உட்கார வைத்திருக்கிறார்கள். அவள் பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு விக்கல் வந்து, அதை நிறுத்த முடியாமல் அழுதிருக்கிறாள். "நான் ரூம்ல இருக்கும்போது அது எங்க இருக்கும்மா?" என்று கயல் கேட்டாள். பெட்டிக்குள், பூட்டுக்குள், என்னென்னவோ சொன்னேன். அடுத்த நாளும் அதே கேள்வி. அதற்கடுத்த நாளும் அதே கேள்வி. அழவில்லை, கத்தவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தாள். ஏழாம் நாள் நான் கடைக்குப் போய் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். காரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்து நாள் என்ற சட்டத்தை எழுதியவருக்கு என் வீட்டைத் தெரியாது. ஆனாலும் எனக்காகத்தான் எழுதினாரோ என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

இப்போது நாங்கள் நியூ ஜெர்சியில், எடிசனில். கயல் கல்லூரி முடிக்கப்போகிறாள். வீட்டிலிருந்து அரைமணி தூரத்தில் ஒரு குறிபார்த்துச் சுடும் கிளப் இருக்கிறது. எழுபது வயதுப் பெண்மணி ஒருவர் அங்கே குப்புறப் படுத்துச் சுடுவதைப் பார்த்த அன்று எனக்குள் அணைந்ததாக நினைத்திருந்த அடுப்பு மறுபடி பற்றிக்கொண்டது. இந்தமுறை முதலில் கயலுக்குத்தான் போன் செய்தேன். "டென் டேஸ் குடும்மா" என்றாள். பத்தாம் நாள் குறுஞ்செய்தி வந்தது: ஓகே. ஆனால் சாவி அப்பாவிடம் இருக்க வேண்டும், அவளும் ஒருநாள் வந்து பார்க்க வேண்டும்.

நியூ ஜெர்சிச் சட்டம் பெண் பார்க்க வரும் வீட்டாரை மாதிரி. காற்றுத் துப்பாக்கிக்குக்கூடப் போலீஸ் தரும் அடையாள அட்டை வேண்டும். முன்பெல்லாம் கொடுத்தால் காலத்துக்கும் என்றிருந்த அட்டையில் இப்போது போட்டோ, பத்தாண்டுக் கெடு, அதற்கு முன் பாதுகாப்புப் பயிற்சி. கைரேகை எடுத்தார்கள். என்னைத் தெரிந்த, உறவில்லாத இரண்டு பேரின் பெயரையும் கேட்டார்கள். அங்கேதான் நம் ஊர்ப் புத்தி வேலை செய்தது. நம் வழக்கத்தில் ஒரு பெரியவர் பெயரை விசாரிக்கக் கொடுத்தால் அவர் நல்லதாகத்தான் சொல்வார், அதில் விளக்குவதற்கு என்ன இருக்கிறது? ஒன்று அலுவலகத் தோழி பெயர். இன்னொன்று எங்கள் தமிழ்ப் பள்ளியை நடத்தும் விஜயா ஆன்ட்டி பெயர். ஆன்ட்டியிடம் பொங்கல் விழாவில் போகிறபோக்கில், "விசாரிக்க உங்க பேரக் குடுத்திருக்கேன் ஆன்ட்டி, நல்லபடியா சொல்லுங்க" என்று மட்டும் சொன்னேன். கல்யாண வயதில் பெண்ணை வைத்திருப்பவள் அப்படிச் சொன்னால் அவர் என்ன நினைப்பார்? பாவம், கயலைப் பற்றி நாலு நல்ல வார்த்தை தயார் செய்து வைத்திருந்தார். வந்ததோ போலீஸ் மின்னஞ்சல். இவர் குடிப்பாரா, மனநிலை எப்படி, இவர் கையில் துப்பாக்கி கொடுப்பதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?

சனிக்கிழமை காலை புளியோதரை டப்பாவோடு ஆன்ட்டி வாசலில் நின்றார். என்னைத் தாண்டி சங்கரனை மேலும் கீழும் பார்த்தார், உடம்பில் ஓட்டை ஏதாவது இருக்கிறதா என்பது போல. உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மீனா, எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்மா. எல்லா வீட்லயும் இருக்கறதுதான். நான் அவர்கிட்ட பேசட்டா?"

சங்கரன் சிரித்துச் சிரித்துப் புரையேறி அடுப்படிக்குள் போய்விட்டார். நான் என்.சி.சி.யிலிருந்து தொடங்கி விளக்கினேன். ஆன்ட்டிக்குச் சமாதானம் ஆகவில்லை. "நீ சுடுவ, சரி. ஆனா நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, சிபாரிசு பண்ணது நான்தானே? பசங்களுக்கு ஆத்திசூடி சொல்லித் தர்றவ நான். எனக்கு மனசு வரலை, மீனா" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. இந்தமுறையும் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

விடுமுறைக்கு வந்திருந்த கயல் மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இறங்கி வந்தாள்.

"ஆன்ட்டி, ஐ ஹேட் கன்ஸ். இப்பவும்தான். டென் இயர்ஸ் ஓல்டா இருக்கும்போது அம்மா ஒண்ணு வாங்கி, எனக்காக கேன்சல் பண்ணாங்க. ஸ்கூல்ல அவ்ளோ டிரில் வெச்சாங்க, ஆனா யாருமே என் பயத்தைக் காது குடுத்துக் கேக்கலை. அம்மா மட்டும்தான் கேட்டாங்க, நான் சொன்னதுக்காக விட்டாங்க. இந்த கன்ட்ரில யார்கிட்ட அது இருக்கலாம்னு கேட்டா, நான் இவங்க பேரைத்தான் சொல்லுவேன். ரிலேட்டிவ்ங்கறதால ஃபார்ம்ல நான் எழுத முடியாது. நீங்க எழுதுங்க, ப்ளீஸ்."

பத்து வருடத்துக்கு முன் காரில் அழுத அழுகைக்கெல்லாம் அன்று ஒரேயடியாகக் கூலி கிடைத்துவிட்டது. ஆன்ட்டி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினார், என் மடிக்கணினியை வாங்கினார், அங்கேயே பதில் எழுதினார். கடைசியில், கூடுதலாகச் சொல்ல ஏதாவது உண்டா என்ற கட்டத்தில், நான் நல்ல தாய் என்று ஒரு வரி சேர்த்தார். போலீசுக்கு அது எதற்கு என்று நான் கேட்கவில்லை.

சில வாரங்களில் அட்டை வந்தது. ரைஃபிள் வந்தது. அதற்குப் பின் வந்த ஆயுத பூஜை வேலை நாளில் விழுந்ததால், இங்கே எல்லோரும் செய்வதுபோல நாங்களும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தோம். அதே ஞாயிறுதான் கிளப்பில் போட்டி. இத்தனை வருடம் மிக்ஸிக்கும் மடிக்கணினிக்கும் கத்தரிக்கோலுக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்த சங்கரன், முதல்முறையாக வீட்டில் உண்மையாகவே ஓர் ஆயுதம் இருக்கும் பெருமையில் ரைஃபிளின் மரக்கட்டையில் குழைவாகச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தார். கற்பூரம் காட்டி முடித்ததும் நான் அதை உறையில் போட்டேன்.

"பூஜைல வெச்சத இன்னைக்கு எடுக்கக் கூடாதுல்லா?" என்றார்.

"தேதியையே நாலு நாள் நகத்தியாச்சு. அதுக்குக் கோவிக்காத சரஸ்வதி இதுக்கா கோவிப்பா? வண்டிய எடுங்க."

கிளப்பில் ரைஃபிளைச் சோதித்த அதிகாரி அந்தப் பொட்டைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். குறி பார்ப்பதற்கான அடையாளமா என்று கேட்டார். இல்லை, கடவுளுக்கு என்றேன். விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கடவுளைத் தடுக்கும் விதி எதுவும் இதில் இல்லை" என்று அனுப்பிவிட்டார்.

படுத்தேன். கன்னத்தைப் பதித்தேன். பின்னால் கயல் காதை மூடும் கருவியோடு நின்றிருந்தாள். முதல் சத்தத்துக்கு அவள் உடம்பு அதிர்ந்ததாகச் சங்கரன் பிறகு சொன்னார். ஆனால் அவள் போகவில்லை. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினேன். பாளையங்கோட்டையில் விட்ட இடத்திலேயே அந்தக் கறுப்பு வட்டம் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. நாற்பது தோட்டா. கடைசி ஐந்தும் ஓர் எட்டணாவுக்குள். தொப்பியும் முழங்கைப் பட்டையுமாக வந்திருந்த அத்தனை பழைய புலிகளையும் தாண்டி என் முழுப் பெயரை முதலில் வாசித்தார்கள். வாசித்தார்கள் என்றா சொன்னேன், மூன்று விதமாகக் கடித்துத் துப்பினார்கள். எனக்குக் கேட்ட மட்டும் அதைவிட இனிமையாக என் பெயரை யாரும் சொன்னதில்லை.

பதக்கம் வாங்க எழுந்தபோது பக்கத்திலிருந்த அந்த எழுபது வயதுப் பெண்மணி பதறிவிட்டார். "ஐயோ, உன் கன்னத்தில் ரத்தம்" என்று கைக்குட்டையை நீட்டினார். தொட்டுப் பார்த்தேன். வியர்வையில் ஊறி, கட்டையிலிருந்த சந்தனமும் குங்குமமும் என் வலது கன்னத்துக்கு இடம் மாறியிருந்தன. அதற்குள் கயல் படம் எடுத்துப் பாளையங்கோட்டையில் இருக்கும் என் தங்கைக்கு அனுப்பிவிட்டாள். பதில் உடனே வந்தது: "ஏக்கா, ஜெயிச்சவுடனே யாரு அதுக்குள்ள திருஷ்டிப் பொட்டு வச்சா?"

ஒரு கையில் கைக்குட்டை, இன்னொரு கையில் போன். இரண்டு பேருக்கும் நன்றி சொன்னேன். கன்னத்தைத் துடைக்காமல் அப்படியே காரில் ஏறி உட்கார்ந்தேன்.