கன்னத்தில் பருத்திப்பூச் சாறு

அக்காவைப் பெண் பார்க்க வருவதாகத் தொட்டியத்திலிருந்து தகவல் வந்த சமயத்தில்தான் என் இடது கன்னத்தில் அந்த வெள்ளைத் திட்டு தெரிய ஆரம்பித்தது. எனக்கு எட்டு வயது. கோலமாவு தொட்ட விரலைக் கன்னத்தில் துடைத்ததுபோல் இருந்தது, அரிக்கவில்லை, வலிக்கவில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாதான் என்னை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப்போய் உற்றுப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அதோடு பள்ளிக்கூடம் நின்றது. கேட்டவர்களிடமெல்லாம் எனக்குக் காய்ச்சல் என்றார்கள். எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் போகிற சாலையில் இருந்தது. காவிரிக்குக் குளிக்கப் போகிறவர்கள் எல்லோரும் எங்கள் வாசலை எட்டிப் பார்க்காமல் போவதில்லை. டாக்டரிடம் காட்டிவிடலாமே என்றார் அப்பா.

"ஆஸ்பத்திரியில யாராவது பாத்துட்டா பெரியவளுக்கு வந்த இடம் நிக்குமாங்க?" என்றாள் அம்மா. அப்பா கையில் எடுத்த சட்டையைத் திரும்ப ஆணியில் மாட்டினார். அந்த நோயின் பெயரை மட்டும் இருவருமே சொல்லவில்லை.

அப்போதுதான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. துறையூர்ப் பக்கம் ஊர் ஊராகப் போய்ப் பருத்தி வாங்கி விற்பவர். உலகத்தில் பருத்தியால் ஆகாத காரியம் இல்லை என்பது அவர் கட்சி. திட்டைப் பார்த்துவிட்டுப் போனவர், அடுத்த நாளே ஈரத்துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். உள்ளே மஞ்சள் மஞ்சளாகப் பருத்திப் பூக்கள். மறுநாள் சிவந்துவிடுமாம், அதற்குள் அரைத்தாக வேண்டுமாம். இதழ்களை அம்மியில் அரைத்து, துணியில் பிழிந்து, பாலில் கலந்து என் கன்னத்தில் பூசினார்கள். மிஞ்சியதை நல்லெண்ணெயில் காய்ச்சி அக்காவின் தலைக்குத் தேய்த்தார்கள்.

"தோல் கண்ணாடியா மினுங்கும், முடி முழங்காலைத் தொடும், பாரேன்" என்றார் மாமா.

அக்காவின் முடி இருந்த இடத்திலேயே இருந்தது. என் தோல் மட்டும் மாமாவின் சொல்லைக் காப்பாற்றியது. திட்டைச் சுற்றியிருந்த தோல் நன்றாக மினுங்கி, திட்டு முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

பெண் பார்க்க வந்த அன்று அம்மா என்னைப் பின்கட்டில் ஒளித்துவைக்கப் பார்த்தாள். மாமா தடுத்தார். "ஒளிச்சா கேப்பாங்க. முன்னாலயே நிக்கட்டும்" என்று, அந்தச் சாற்றில் மஞ்சளைக் குழைத்து என் இரண்டு கன்னத்திலும் அப்பினார்.

மாப்பிள்ளையின் அம்மா வாட்டசாட்டமான மனுஷி. தன் தலையிலிருந்த பூவில் கொஞ்சம் கிள்ளி என் தலையில் வைக்க என்னை இழுத்து அணைத்தார். கை முழுக்க மஞ்சள் ஒட்டிக்கொண்டது.

"என்ன கண்ணு பூசியிருக்கே?"

"பருத்திப்பூச் சாறு. வெள்ளை மறையறதுக்கு" என்றேன், கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லும் பெருமையோடு.

மாமாவுக்கு இருமல் வந்துவிட்டது. அந்த அம்மா முந்தானையால் என் கன்னத்தைத் துடைத்தார். அப்பா தரையைப் பார்த்தார். காபித் தட்டோடு வந்த அம்மா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா திட்டின் மேல் விரல் வைத்து நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினார்.

"ஐயோ, வலிக்குது!" என்று அலறினேன்.

"வலிக்குதுல்ல? அப்ப அந்தப் பயமே வேண்டாம். உணர்ச்சி இருக்கு. பெருநோயா இருந்தா கிள்ளுனாலும் தெரியாது. இது வெறும் தேமல்ங்க. இதுக்கா பிள்ளைய இந்தப் பாடு படுத்துனீங்க? எங்க பையன் முதுகப் பாருங்க, தொட்டியத்துக்கே மேப் போட்டாப்ல இருக்கும்!"

மாப்பிள்ளை கையிலிருந்த பஜ்ஜியைக் கீழே வைத்தார். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அக்காவின் குரலை அவர் முதன்முதலில் கேட்டது அப்படித்தான். அங்கேயே நிச்சயத்துக்கு நாள் பார்த்தார்கள்.

அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போனாள். சமாதானம் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ அதே இடத்தில் மறுபடி கிள்ளினாள்.

"வலிக்குதும்மா!"

"இன்னொரு தரம் சொல்லு" என்று என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அத்தனை நாளும் பக்கத்திலேயே படுக்கவைத்துக்கொண்டிருந்தவளுக்கு, ஒரு கிள்ளுக் கிள்ளிப் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? வலிக்கிறது என்று அழுகிற பிள்ளையைப் பார்த்து இந்த அம்மாவுக்கு என்ன சந்தோஷம் என்று, நான் அன்று முழுவதும் அவளோடு பேசவில்லை.