மகளின் வயிற்றுவலி

யாரையும் எளிதில் நம்பாதவள் நான். பால்காரர் ஊற்றும் பாலை விரலால் தொட்டுப் பார்ப்பேன். மஞ்சள்தூள் கண்ணைப் பறிக்கிற நிறத்தில் இருந்தால் அந்தக் கடைப் பக்கமே போகமாட்டேன். அவிநாசியிலிருந்து நாத்தனார் அனுப்பும் முறுக்கைக்கூட எந்த எண்ணெயில் சுட்டது என்று கேட்டுவிட்டுத்தான் பிள்ளைக்குத் தருவேன். எனக்குப் போலீஸ் வேலை கிடைத்திருக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

அப்படிப்பட்டவள் வீட்டில்தான் மகளுக்கு வயிற்றுவலி வந்தது. அப்போது அவளுக்கு நாலு வயது. சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள். வெளிக்குப் போக முடியாமல் அழுதாள். முகம் வெளுத்து, விளையாடாமல் சுவரோரம் சுருண்டு படுத்தாள். சிங்காநல்லூரில் எங்கள் தெரு டாக்டர் குடற்புழு மாத்திரை கொடுத்தார், பிறகு டானிக் கொடுத்தார். எதுவும் கேட்கவில்லை. நான் என் விசாரணையைத் தொடங்கினேன். குடிதண்ணீரை மாற்றினேன். பால்வாடியில் என்ன சாதம் போடுகிறார்கள் என்று போய் நின்று பார்த்தேன். அங்கிருந்த ஆயா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். ஜன்னலில் பழைய பெயிண்ட் உரிந்து விழுகிறது என்று வீட்டு ஓனரோடு சண்டை போட்டேன். அந்தச் சண்டையில் மட்டும் கொஞ்சம் நியாயம் இருந்தது என்று பிற்பாடு தெரிந்தது.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே குழந்தைகளைப் பார்க்கும் டாக்டரம்மா, அதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"அப்பா என்னங்க வேலை பாக்கறாரு?"

பேட்டரிப் பட்டறை என்றேன். லாரி பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாவற்றையும் பிரித்து, உள்ளே இருக்கிற ஈயத்தை எடுத்து உருக்குகிற வேலை. உடனே ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொன்னார். இருக்கவே கூடாத ஈயம் நிறைய இருந்தது.

மகள் பட்டறைப் பக்கம் போனதே இல்லை என்று சாதித்தேன். அப்பா போய் வருகிறாரே, அது போதும் என்றார். துணியிலும் தலைமுடியிலும் செருப்பிலும் ஒட்டி வருகிற தூள் கையில் படும், கை வாய்க்குப் போகும். பெரியவர்களைவிடக் குழந்தைகள் உடம்பு அதை அதிகமாக இழுத்துக்கொள்ளுமாம். பழைய பெயிண்டிலும் ஈயம் இருக்குமாம்.

பட்டறையில் கட்டிய லுங்கியோடுதான் வீட்டுக்காரர் வீட்டுக்கு வருவார். கொடியில் போட்டதும் மகள் அதை இழுத்துக்கொண்டு போய்ப் படுப்பாள். அதன் நுனியைச் சப்பாமல் தூங்கமாட்டாள். துவைத்த லுங்கியைக் கொடுத்தால் அப்பா வாசம் இல்லை என்று எறிந்துவிடுவாள். ஊரையே சந்தேகப்பட்ட நான் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"இத்தன வருசமா கையில அள்ளற எனக்கே ஒண்ணும் ஆவுலீங்களே, புள்ளைக்கு எப்படிங்க?" என்று அவர் கேட்டார். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று யார் சொன்னது, நீங்களும் சோதித்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டரம்மா.

அன்றிலிருந்து வீட்டில் என் சட்டம்தான். பட்டறையிலேயே குளித்து வேறு துணி மாற்றிக்கொண்டுதான் வரவேண்டும். வேலைத் துணிக்குத் தனி வாளி. பெருக்கினால் தூள் பறக்கும் என்பதால் தரையை ஈரத்துணியால் துடைத்தேன். மகள் எதைத் தின்றாலும் முதலில் கை கழுவ வைத்தேன். டாக்டரம்மா சொன்னபடி ராகியும் கீரையும் பாலும் கொடுத்தேன். வீட்டுக்காரர் நுழையும்போதே அவர் காது மடலையும் நகக்கண்ணையும் பார்ப்பேன்.

"குளிச்சுப்போட்டுத்தான் வாரேன் அம்மணி" என்பார். நம்பமாட்டேன். பட்டறை முதலாளிக்கு ஃபோன் போட்டு விசாரித்த நாளும் உண்டு. முதலாளிக்குக் கோபம் வந்தது, வரட்டும். இதில் எனக்கு வெட்கம் கிடையாது.

அடுத்தடுத்த பரிசோதனைகளில் அளவு இறங்கியது. வயிற்றுவலி நின்றது. இன்னொரு தோசை வேண்டும் என்று மகள் அடம்பிடித்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனிப் பயமில்லைதானே என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். மழுப்பத் தெரியாதவர் அவர்.

"ரத்தத்துல குறைஞ்சிருச்சும்மா. மூளையில ஏதாச்சும் ஆயிருக்கான்னு அவ படிக்க ஆரம்பிச்சாத்தான் தெரியும்."

இப்போது அவள் ஒன்றாம் வகுப்பு. நேற்று சாயங்காலம், முந்தின நாள் தடுமாறாமல் ஒப்பித்த பாட்டை நடுவில் நிறுத்திவிட்டாள். அடுத்த வரி வரவில்லை. குழந்தைகள் மறப்பது சகஜம், எனக்கும் தெரியும். நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், அந்த வரி அவளுக்கு நினைவு வரட்டும் என்று காத்திருந்தோம்.